புதன்கிழமைத் தோள்வலி

நான்காவது பிளாஸ்திரியை உரித்தபோது அண்ணனின் வயிற்று முடி இரண்டு அதோடு வந்தது. உயிரோடு இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். இந்தப் பயத்தில்தான் பத்தாம் நாளே எடுத்திருக்க வேண்டிய பிளாஸ்திரிகளைத் தொடவே விடாமல் வைத்திருந்தான். அவள் அதைத் தட்டில் போட்டுவிட்டு, ஐந்தாவதன் மேல் வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து, ஊறட்டும் என்று காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்கால். அண்ணன் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். இறந்தவரைத் துடைத்து உடுத்துவது அந்தப் பிரிவு நர்ஸ்களின் வேலை. நானே செய்கிறேன் என்று அவள் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அதே மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஆபரேஷன் தியேட்டரில் பதினொரு வருடமாக வேலை செய்கிறவள். அவளுக்கு வழி சொல்லித்தர அங்கே யாரும் இல்லை.

ஐந்து காயங்கள். நான்கு, சட்டைப் பொத்தான் நுழையும் அளவு. ஐந்தாவது அடிவயிற்றில் நாலு விரல் நீளம். வெட்டிய கல்லீரல் துண்டைப் பைக்குள் போட்டு வெளியே எடுத்த வழி. எல்லாம் பிசிறில்லாமல் ஆறியிருந்தன. இப்படி ஆறவேண்டும் என்று புதிய நர்ஸ்களுக்குக் காட்டலாம், அவ்வளவு சுத்தம். விலாவுக்குக் கீழே வெள்ளிக்கிழமை செருகிய வடிகுழாய் மட்டும் புதிது. அதை உருவி, அந்த இடத்தில் ஒரு தையல் போட்டாள். ஒன்று போதும். இரண்டாவதும் போட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, யாருக்கோ போனில் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் உடையவில்லை. “ஆமா, ஆறே முக்காலுக்கு. இல்ல, இன்னிக்கே,” என்றாள். பிறகு அடுத்த எண்ணைத் தேடினாள்.

அண்ணன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் பிழைத்தவன். எனக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக் மட்டும்தான் என்பான். இந்த வேலைக்கு வருடா வருடம் உடல் பரிசோதனை உண்டு. இந்த வருடப் பரிசோதனையில், கல்லீரலின் வலப்பக்கம் பின்புறமாக எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை, சோர்வு இல்லை, பசி குறையவில்லை. கெட்ட கட்டிதான், ஆனால் நேரத்தோடு அகப்பட்டது, எடுத்துவிட்டால் பிழைப்பான் என்றார்கள்.

எப்படி எடுப்பது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. சித்தப்பா, தபால் பிரிக்கும் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வயிற்றைத் திறந்து கையால் தொட்டுப் பார்த்து எடுப்பதுதான் வைத்தியம் என்றார். துளை போட்டு, கேமராவை விட்டு, டிவியைப் பார்த்துக்கொண்டே கல்லீரலை வெட்டுவதாவது. பெரிய சாமான் வெளியே வரணும்னா பெரிய கதவு வேணும் என்பது அவர் வாதம். அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பி, நீ சொல்லு என்றான். அவள் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். வயிற்றுக்குள் காற்றை ஏற்றிக் கூடாரம்போல் உயர்த்துவார்கள். கேமரா பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். ரத்தம் வரும் வழியைப் பதினைந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி இறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவார்கள். அந்த நிமிடங்களைச் சத்தமாகச் சொல்வதுகூட அவள் வேலைதான். திறந்து செய்தால் ஒன்றரை மாதம் படுக்கை. இதில் ஐந்தாம் நாள் வீடு. “சின்ன ஓட்டைதான்,” என்று முடித்தாள். எல்லோரும் கேட்டுக்கொண்டது அந்தக் கடைசி வார்த்தையைத்தான்.

அண்ணன் அவளை அரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவான். நர்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அப்படி. ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியனாம், உன் எண்ணிக்கை எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். அவளும் சளைக்காமல், “போணியே உன்கிட்டதான்னு வெச்சிருக்கேன்,” என்பாள். பதினொரு வருடத்தில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவன் கேட்டான், அவளும் சொன்னாள், தள்ளுவண்டிக்காரர் சிரித்தார்.

சொந்தக்காரர் மேசையில் இருந்தால் தியேட்டருக்குள் போகக்கூடாது என்பது விதி. அவள் வெளியே உட்கார்ந்து பதினைந்து பதினைந்து நிமிடமாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து மணி நேரம் இருபது நிமிடம். அறுவை மருத்துவருக்குத் தியேட்டரில் ஆமை என்று பெயர். அவருக்கும் அது தெரியும். மெதுவாகச் செய்கிறவர், ஒரு நூலைக்கூடப் பார்க்காமல் வெட்டமாட்டார், அதனால்தான் அவள் அவரிடம் கொடுத்தாள். அவர் வெளியே வந்து முகமூடியை இறக்கி, சுத்தமா வந்துடுச்சு சிஸ்டர் என்றார். அது திங்கட்கிழமை. மூன்றாம் நாள் வடிகுழாயை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டான்.

பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். சட்டையைத் தூக்கிக் காட்டினால் ஐந்து பிளாஸ்திரி. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால்கூட இதைவிடப் பெரிதாக ஒட்டுவார்கள் என்றார் ஒருவர். இரண்டு பேர் உட்காரக்கூட இல்லை. அண்ணனுக்கே கூச்சமாகிவிட்டது. காட்டுவதற்கு ஒரு தழும்புகூட இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டில் படுத்திருப்பது என்று, அடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சிக் காரில் ஏறிவிட்டான். உள்ளே கால்வாசிக் கல்லீரல் இல்லை என்பது வெளியே தெரியவில்லை. வெளியே தெரியாததை வீட்டில் எல்லோரும் மறந்தார்கள். அவளும்தான்.

புதன்கிழமை காலை பதினொன்று ஆறுக்குப் போன் வந்தது. முதல் ஆபரேஷன் முடிந்து, அடுத்த ஆளை மேசைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கைகழுவும் இடத்தில் நின்று, போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டாள்.

“அரை டாக்டர், வலது தோள்பட்டை புடிச்சு இழுக்குது. மூச்சு இழுத்தா ஜாஸ்தியாகுது.”

“அது கேஸ். உள்ள ஏத்தின காத்து மிச்சம் இருக்கும். நல்லா நட, போயிடும்.”

“இத்தன நாள் கழிச்சுமா?”

“எல்லாருக்கும் வர்றதுதான். ஒண்ணுமில்ல.”

“சரி. நீ சொன்னா சரி.”

ஐம்பத்திரண்டு வினாடி. போனின் அழைப்புப் பட்டியலில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

வயிற்றுக்குள் ஏற்றும் வாயு உதரவிதானத்தைச் சீண்டும். அந்த வலி தோளில் தெரியும். துளைபோட்டு ஆபரேஷன் செய்துகொண்ட பாதிப் பேர் மறுநாள் தோளைப் பிடித்துக்கொண்டு பயப்படுவார்கள். அது கேஸ், நடங்க, போயிடும் என்று அவள் பதினொரு வருடமாகச் சொல்லிவந்திருக்கிறாள், அந்த வாக்கியம் அவள் யோசிக்காமலே வாயிலிருந்து வரும். அந்த வலி இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஒன்பதாம் நாள் தோள் வலித்தால் அது காற்று இல்லை, கல்லீரலுக்கு மேலே ஏதோ தேங்குகிறது, உடனே ஸ்கேன் எடுக்கவேண்டும். இதுவும் அவளுக்குத் தெரியும். தேர்வில் கேட்டால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். நாளை மட்டும் எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளிர் தூக்கிப்போட, அண்ணி அவனை அழைத்துவந்தாள். பித்தநீர் கசிந்து, உதரவிதானத்துக்குக் கீழே தேங்கி, சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்திருந்தது. பணியில் இருந்த மருத்துவர் எப்போதிலிருந்து என்று கேட்டபோது அவள் கட்டில் காலடியில் கோப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “இன்னிக்குக் காலையிலதான் டாக்டர். நேத்து வரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்தேன்,” என்றான் அண்ணன். அவளைப் பார்க்கவில்லை. காய்ச்சலில் மறந்துவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு முன்னால் தெரு முழுக்கக் கார்கள். எல்லாம் அவனிடம் கற்றுக்கொண்டவர்களுடையவை. அதனாலோ என்னவோ ஒரு கார்கூடக் கோணலாக நிற்கவில்லை. ஒருவர் அண்ணியிடம் வந்து, சாவுக்கு வந்த இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், தான் இன்றுவரை கண்ணாடி பார்க்காமல் வண்டியைத் திருப்பியதில்லை என்று சொல்லிவிட்டு அழுதார். அண்ணி அவருக்கு நாற்காலி காட்டினாள்.

சித்தப்பா கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓட்டை வழியாப் பாத்தா கண்ணு எங்க தெரியும், திறந்து பாத்திருந்தா என் பையன் இந்நேரம் எழுந்து உக்காந்திருப்பான் என்று வருகிறவர்களிடம் ஒருவர் விடாமல் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பேச்சுக்குப் பதினொரு வருடமாக அவளிடம் பதில் இருந்தது. கேமராவைப் பற்றிச் சொல்லலாம். திறந்து செய்தாலும் நூற்றில் சிலருக்குப் பித்தநீர் கசியத்தான் செய்கிறது என்று சொல்லலாம். அன்றைக்கு அவள் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குற்றம் ஓட்டையின் தலையில் விழுந்துகொண்டிருக்கும்வரை தன்பக்கம் வராது என்பதில் ஒரு நிம்மதி வந்தது. வந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் கூடவே இருந்தன.

மூன்று மணிக்கு ஆமை வந்தார். தேய்க்காத சட்டை. கூட்டம் அடையாளம் கண்டுகொண்டு பேச்சை நிறுத்தியது. சித்தப்பா எழுந்திருக்கவில்லை. மருத்துவர் அண்ணனின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவளைத் தேடிச் சமையலறைக்கு வந்தார். செய்த ஆபரேஷன் எல்லாவற்றையும் பதிவு செய்துவைக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. ஐந்து மணி இருபது நிமிடப் பதிவைக் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“நாலாவது மணி நேரத்துல ஒரு இடம் சிஸ்டர். நூல் மாதிரி ஒரு குழாய். ரத்தம் வரல, அதனால கிளிப் போடாம தாண்டிட்டேன். மூணு தடவ பாத்தேன். அதுதான்.”

அவர் கண்கள் சிவந்திருந்தன. வியாழக்கிழமை நடக்கும் மருத்துவர்கள் கூட்டத்தில் இந்த மரணத்தை அவரே எடுத்து வைக்கப்போகிறாராம். அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு தாள் உண்டு. அதில் ‘முதல் அறிகுறி தெரிந்த நாள்’ என்று ஒரு வரி. சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து மடிப்பைப் பிரித்தார்.

வாசற்படியில் நின்றிருந்த அண்ணிதான் பதில் சொன்னாள். “வெள்ளிக்கிழமை காலையில.”

அதுக்கு முன்னால் வயிறு உப்பல், தோள்பட்டை வலி, எதுவுமே இல்லையா என்று அவர் கேட்டார்.

“ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருந்தாரு.”

அவர் அவளைப் பார்த்தார். “நீங்க ஏதாச்சும் கவனிச்சீங்களா சிஸ்டர்?”

“இல்ல சார்.”

அவர் எழுதிக்கொண்டார். அப்படியென்றால் இடையில் பிடித்திருக்க வழியே இல்லை, முழுக்க என் கைதான் என்றார். வரும் வாரம் இரண்டு பேருக்குக் கல்லீரல் ஆபரேஷன் இருக்கிறது, இருவருக்கும் துளை வேண்டாம், திறந்தே செய்துவிடலாம் என்று முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். அவள் கொடுத்த தண்ணீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு பேரில் ஒரு பெண்ணுக்கு வயது முப்பத்தொன்று. அவளிடமும் சின்ன ஓட்டைதான் என்று இவள்தான் சொல்லியிருந்தாள்.

மாலையில் அண்ணனை எடுத்துக்கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள். சித்தப்பா முன்னால் நடந்தார். பொத்தான் அளவுக் காயங்கள் நான்கும், நாலு விரல் கீறலும், அவள் போட்ட இரண்டு தையல்களும் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிந்தன.

திங்கட்கிழமை காலை ஓட்டுநர் பள்ளிக்காரர் போன் செய்தார். நூறு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஒருவருக்குத் தேர்வு இருக்கிறது, வீட்டில் நிற்கும் பயிற்சி வண்டி வேண்டும் என்றார். நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றாள் அண்ணி. அவளும் அண்ணனிடம் கற்றுக்கொண்டவள்தான். மூன்று தடவை தவறி நாலாவது தடவை தேறியவள். தேறிய மாதமே அவனைக் கல்யாணம் செய்துகொண்டவள். லைசென்ஸ் வாங்க வந்தவ ஆசிரியரையே வாங்கிட்டுப் போயிட்டா என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வான். திரும்பி வரும்போது அண்ணி தனியாக வரவேண்டாமே என்று அவளும் கூடக் கிளம்பினாள்.

அண்ணனின் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. இழுத்து முன்னால் கொண்டுவந்தபோது பிரேக் காலுக்குத் தானாக எட்டியது. அதன் கீழே தரைவிரிப்பு, குதிகால் பட்ட இடத்தில் மட்டும் ஓட்டையாகியிருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் அவனுக்கென்று ஒட்டவைத்த இன்னொரு குட்டிக் கண்ணாடி. அதில் அவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பினாள்.

அண்ணி நன்றாக ஓட்டினாள். துணிக்கடை, மருந்துக்கடை, பெட்ரோல் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் அப்புறம் சொல்லலாம் என்று இவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். பெட்ரோல் நிலையத்துக்குப் பிறகு தள்ளிப்போட எதுவும் இல்லை.

“அண்ணி, புதன்கிழமை அண்ணன் எனக்குப் போன் பண்ணான். தோள்பட்ட வலிக்குதுன்னான். நான் கேஸ்னு சொல்லிட்டேன்.”

அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். கியரைக் குறைத்தாள்.

“தெரியும். உனக்குப் போன் போடச் சொன்னதே நான்தான். பக்கத்துலதான் நின்னேன்.”

முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதைத் தாண்ட இடம் இருந்தும் அண்ணி தாண்டவில்லை. அப்புறம் ஏன் நேற்று டாக்டரிடம் ஒன்றுமில்லை என்று சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள்.

“வாயில குழாய் போடறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு சொன்னாரு. ‘அவ எண்ணிக்கையில என்னைச் சேத்துக்கப் பாப்பா. சேக்க விடாத’ன்னாரு.”

கார் நின்றது. குலுங்கி, இஞ்சின் அணைந்து, நடுச்சாலையில் நின்றது. அண்ணி கியரைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், பிறகு குனிந்து அவள் காலைப் பார்த்தாள். பாதம் பிரேக்கைத் தரைவரை அழுத்தியிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. லாரி தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

“உன்மேல கோவமில்லன்னு சொல்ல மாட்டேன்,” என்றாள் அண்ணி. ஸ்டியரிங்கைப் பிடித்த கைகளை எடுக்கவில்லை. “இருக்கு. எப்பப் போகும்னு தெரியல. அது வேற. அவரு சொன்னது வேற.”

“அந்தத் தாள்ல புதன்னு மாத்தணும் அண்ணி. டாக்டர் முழுக்கத் தன் கைதான்னு நெனச்சிட்டிருக்காரு. அந்த ரெண்டு பேரையும் திறக்கப்போறாரு.”

அண்ணி சாலையைப் பார்த்தாள். சற்று முன்னால் சாலை பிரிந்தது. நேராகப் போனால் ஓட்டுநர் பள்ளி. திரும்பினால் மருத்துவமனை.

“கால எடு,” என்றாள்.

அவள் எடுத்தாள். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். அண்ணி சாவியைத் திருகினாள்; ஒரு தடவை இருமிவிட்டு இஞ்சின் பிடித்தது. அண்ணன் சொல்லிக்கொடுத்த வரிசையில் அவள் முதலில் உள்கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு வெளிக்கண்ணாடியை, பிறகு தோளுக்கு மேலாகத் திரும்பி. அதன்பின் மருத்துவமனைப் பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டாள்.

பின்னால் ஐந்தாறு வண்டிகள் நின்றிருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. காரின் கூரைமேல் ‘பயிற்சி வாகனம்’ என்ற பலகை இருந்தது.